பிராக்கா பாசிட்டிவ்: அடுத்த வாரமே ஆபரேஷனா?

"சித்தி, ரிப்போர்ட் வந்துருச்சு. பாசிட்டிவ்னு போட்டிருக்கு. ரெண்டையும் எடுத்துடணும்னா அடுத்த வாரமே எடுத்துடலாம், டாக்டர்கிட்ட தேதி கேளுன்னு இவரு சொல்றாரு."

போனில் பேசியது என் அக்கா மகள். மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதலா என்று சொல்லும் பிராக்கா மரபணுப் பரிசோதனையின் ரிப்போர்ட் அது; 'ரெண்டையும்' என்றது இரண்டு மார்பையும். 34 வயது, இரண்டு பிள்ளைகள், அம்மாபேட்டையில் வீடு. வீட்டுக்காரருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. நான் சேலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். குரோமோசோம் என்ற சொல் காதில் விழுந்தாலே வீட்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டாக்டர் இல்லை. அன்று ராத்திரி அவளிடம் சொன்னதையும், அப்புறம் எட்டு மாதமாக அவளோடு ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வந்து கற்றுக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவளிடம் முதலில் கேட்டது இதுதான்: "கட்டி ஏதாவது தட்டுப்படுதா கண்ணு?" இல்லை. ஸ்கேனில்? அதிலும் ஒன்றுமில்லை. "அப்புறம் எதுக்கு அடுத்த வாரம்?"

மரபணுப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தம் கிடையாது. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அவ்வளவுதான். அந்தப் பிழை அவளோடு பிறந்தது. 34 வருடம் கூடவே இருந்திருக்கிறது. இப்போது நோய் இல்லை என்று ஸ்கேனில் உறுதியாகிவிட்டால், சில மாதங்கள் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது. இந்த விஷயத்தில் பயம் கெடுப்பதைவிட அவசரம் கெடுப்பது அதிகம் என்பது என் எண்ணம்.

அறுந்த இழையைக் கட்டும் ஆள்

அம்மாபேட்டைத் தெருக்களில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பாவில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார்கள். பார்க்காமல் ஓட்டினால் சேலை நெடுகக் கோடு விழும். நம் செல்களுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழையும் அடிக்கடி அறுந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்துபோகிற மோசமான முறிவு ஒன்று உண்டு. அதைப் பிசகில்லாமல் சேர்க்கிற வேலைக்கான புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள்தான் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2. டாக்டர்கள் வாயில் 'பிராக்கா'.

'எனக்கு பிராக்கா இருக்கு' என்று சொல்கிறார்களே, அது பாதிச் சரி. பிராக்கா மரபணு எல்லோருக்கும் இருக்கிறது, ஆண்களுக்கும்தான். சிலருக்கு அதில் பிழை இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள் நமக்கு வருகின்றன. ஒன்று பழுதாக வந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். என்றைக்காவது ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் கெட்டுப்போனால், அந்தச் செல்லில் இழை கட்ட ஆள் இல்லை. பிழைகள் சேரச் சேர, கட்டுப்பாடில்லாமல் பெருகும் செல்லாக அது மாறக்கூடும். பாசிட்டிவ் வந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதற்கும், வந்தால் இளம் வயதிலேயே வருவதற்கும் காரணம் இதுதான். மற்றவர்களுக்கு இரண்டு பிரதியும் கெட வேண்டும். இவர்களுக்கு ஒன்று கெட்டால் போதும்.

மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1990இல், பரம்பரை மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான மரபணு 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994இல் அந்த மரபணுவே கையில் சிக்கியது. பிஆர்சிஏ2 இருப்பது 13ஆவது குரோமோசோமில். அமெரிக்காவில் இந்த மரபணுக்களுக்கே ஒரு கம்பெனி பேட்டன்ட் வாங்கி வைத்திருந்தது. இயற்கையில் இருக்கிற மரபணுவை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்ன பிறகு பல ஆய்வகங்கள் இந்தப் பரிசோதனையில் இறங்கின, விலையும் இறங்கியது. நம் ஊரில் கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ கொடுத்து இதைச் செய்துகொள்ள முடிவதற்குப் பின்னால் இப்படி ஒரு வழக்கும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் அது இப்படிப் பரம்பரைப் பிழையால் வருகிறது. தெருவில் ஒருவருக்கு வந்தது, ஒன்றுவிட்ட பெரியம்மாவுக்கு 70 வயதில் வந்தது என்பதற்காக எல்லோரும் ஓடிப் பரிசோதிக்க வேண்டியதில்லை. 50 வயதுக்குள் வந்தது, இரண்டு மார்பிலும் வந்தது, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படாத 'டிரிபிள் நெகட்டிவ்' வகை, சினைப்பை அதாவது ஓவரிப் புற்றுநோய், ஆணுக்கு வந்த மார்பகப் புற்றுநோய், ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேர். இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் கேட்க வேண்டிய வீடுதான்.

அப்பா பக்கத்தை யார் கேட்டார்கள்?

மூன்று வருடம் முன்னால் மார்பு வலி என்று ஒரு ஆஸ்பத்திரிக்கு இவள் போனாள். "அம்மாவுக்கோ சித்திக்கோ யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள். "அப்ப பயமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா பக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மார்பு பெண்களுடையது, அதனால் நோயும் பெண்கள் வழியே வரும் என்ற நினைப்பு படித்தவர்களிடமும் இருக்கிறது. 17ஆவது குரோமோசோம் அப்பாவிடமும் இருக்கிறதே!

போன பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது குடும்ப மரம் வரைய உட்கார்ந்தோம். கையில் கிடைத்த பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நான் ஆரம்பிக்க, அக்கா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "மங்கலப் பத்திரிகையில போயி இதையா எழுதுவ?" சரி என்று நகைக்கடை மாதக் காலண்டரில் முடிந்துபோன மாதத்தின் தாளைக் கிழித்துக்கொண்டேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் வந்திருந்தால் உள்ளே கறுப்பு, இறந்திருந்தால் குறுக்கே ஒரு கோடு. மரபியல் ஆலோசகர்கள் போடுவதும் இதே குறிகள்தான்.

அக்கா பக்கம் எல்லாம் வெள்ளை வட்டங்கள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர் பக்கம் வந்ததும் பென்சில் மழுங்கியது. மாமாவின் அம்மா 46 வயதில் இறந்தவர். "வயித்துல தண்ணி கோத்துக்கிச்சுன்னு சொன்னாங்க" என்றார் மாமா. பெரிய அத்தைக்கு 39 வயதில் மார்பில் வந்து, இல்லாமல் போனார். ஏற்காட்டில் இருக்கும் சின்ன அத்தைக்கு 41இல் வந்தது, பிழைத்துக்கொண்டார். நடுவில் மாமாவின் சதுரம் மட்டும் வெள்ளையாக, ஆரோக்கியமாக. நோய் அவரைத் தொடாமல் அவர் வழியாகக் கடந்து வந்திருக்கலாம் என்று அந்தத் தாளைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

இதில் யார் மீதும் குற்றமில்லை. பிழை இருக்கும் அப்பாவோ அம்மாவோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைக் கொடுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பூவா தலையா போடுகிற மாதிரி. மூத்தவளுக்கு வந்ததால் இளையவளுக்கு வராது என்ற கணக்கெல்லாம் இல்லை. ஆண்களும் சும்மா தப்பிவிடுவதில்லை. பிழை பிஆர்சிஏ2இல் இருந்தால் புராஸ்டேட் புற்றுநோயும், அரிதாக ஆண் மார்பகப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு அவர்களுக்குக் கூடுகிறது.

நம் பக்கத்துக்கென்று ஒரு சேதி. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் கட்டிக்கொடுக்கிற வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. ஒரே குடும்பத்துப் பிழையை மாப்பிள்ளையும் பெண்ணும் இருவரும் சுமந்திருக்க முடியும். இருவருக்கும் பிஆர்சிஏ2 பிழை இருந்து, பிள்ளைக்கு இரண்டு பக்கமும் பழுதான பிரதியே போய்ச் சேர்ந்தால், ஃபான்கோனி அனீமியா என்ற கடுமையான நோய் குழந்தைக்கு வரும். அதற்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. முறைமாப்பிள்ளை பேச்சு எடுக்கும் முன் பரிசோதனைப் பேச்சை எடுப்பது நல்லது.

நோய் வந்தவருக்கே முதல் பரிசோதனை

இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். எங்கள் வீட்டிலும் நல்லா இருக்கிற பிள்ளைக்குத்தானே டெஸ்ட் எடுக்கணும் என்றார்கள். ஆனால் இவளுக்கு நேராக எடுத்து 'நெகட்டிவ்' வந்திருந்தால் என்ன தெரிந்துகொண்டிருப்போம்? குடும்பத்துப் பிழை இவளுக்கு வரவில்லையா, அல்லது குடும்பத்தில் இருப்பது இந்தப் பரிசோதனையில் அகப்படாத வேறு பிழையா? சொல்லவே முடியாது. நோய் வந்த ஒருவரிடம் பிழை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். அங்கே பிழை இல்லை என்று வந்தால், அவருக்கு ஊரில் எல்லோருக்கும் உள்ள வாய்ப்புதான். நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆக, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்குப் போனோம். சவுக்குக் கம்பங்கள் மாதிரி நிமிர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. அதற்கு நடுவில் சின்ன அத்தையின் வீடு. "எனக்குத்தான் வந்து போயிருச்சே டீச்சரம்மா, இனி என்னத்தப் பாக்குறது?" என்றார். அவருக்கும் பயன் உண்டு என்று சொன்னேன். இன்னொரு மார்பு இருக்கிறது, சினைப்பை இருக்கிறது. அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. "உங்க அண்ணன் பொண்ணுங்களுக்காக" என்றதும் மறுநாளே கீழே இறங்கி வந்து ரத்தம் கொடுத்தார். பிஆர்சிஏ1. பிறகுதான் இவளுடைய ரத்தம் போனது.

ரிப்போர்ட்டில் மூன்று விதமாக வரலாம். நோய் தரும் பிழை இருக்கிறது, இல்லை, அப்புறம் மூன்றாவதாக 'பொருள் தெளிவாகாத மாற்றம்'. ஆங்கில எழுத்து மூன்றில் வி.யூ.எஸ். என்பார்கள். மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அது கெடுதலா, சாதாரண வித்தியாசமா என்று இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். உலகில் சேர்ந்திருக்கும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதால் நம்மவர்களுக்கு இந்த மூன்றாவது வகை கூடுதலாகவே வரும். இதை வைத்துக்கொண்டு ஆபரேஷன் செய்யக் கூடாது. பிற்பாடு பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிவாகின்றன. பேப்பரில் சிவப்பு எழுத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், மரபியல் ஆலோசகரிடம் எடுத்துப் போய்ப் படிக்கச் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம். வேலூர் சி.எம்.சி. மாதிரி மரபியல் துறை உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்த ஆலோசனை கிடைக்கும். சேலத்திலிருந்து காட்பாடிக்கு ரயிலேறிப் போனது அந்த ஒரு மணி நேரப் பேச்சுக்காகத்தான்.

72 என்ற எண்ணை எப்படிப் படிப்பது

பிஆர்சிஏ1 பிழை உள்ள பெண்களில் 80 வயதுக்குள் 100க்கு சுமார் 72 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருவதாக 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. பிஆர்சிஏ2க்கு 69. சினைப்பைப் புற்றுநோய்க்கு முறையே 44, 17. ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய நாட்டுப் பெண்கள் என்பதை ஓரமாக நினைவில் வையுங்கள்.

இவள் வீட்டுக்காரர் 72 என்பதைக் கேட்டதும், 'நாளைக்கே 72 சதவீதம்' என்று எடுத்துக்கொண்டார். அது 80 வயது வரைக்குமான மொத்தக் கணக்கு. அதே ஆய்வில் பிஆர்சிஏ1 பெண்களுக்கு 40 வயதுக்குள் என்று பார்த்தால் 100க்கு சுமார் 24 பேர். குறைவு என்று சொல்ல மாட்டேன். இளம் வயதுக்கு இது மிக அதிகம். ஆனால் 34 வயதுக்காரி கேட்க வேண்டியது, "அடுத்த அஞ்சு வருஷத்துல, பத்து வருஷத்துல எனக்கு எவ்வளவு?" என்பது. டாக்டரிடம் இப்படிக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும், பேச்சும் வேறு மாதிரி போகும்.

அப்புறம் வழிகள். ஒன்று, நெருக்கமான கண்காணிப்பு. 25 வயதிலிருந்து வருடம் ஒரு எம்.ஆர்.ஐ., 30க்குப் பிறகு அதோடு மம்மோகிராமும், அதாவது மார்புக்கான எக்ஸ்ரேயும். ஆறு மாதத்துக்கு ஒன்றாக இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. இளம் பெண்களின் மார்பு அடர்த்தியானது, மம்மோகிராம் மட்டும் போதாது. எம்.ஆர்.ஐ.யை மாதவிலக்கு ஆரம்பித்து 7 முதல் 15 நாளுக்குள் எடுத்தால் படம் தெளிவு. சில சமயம் ஒன்றுமில்லாததையும் அது சந்தேகமாகக் காட்டும், ஊசி குத்தி பயாப்ஸி எடுக்க வேண்டி வரும். அந்தக் காத்திருப்பு நாட்கள் கொடுமையானவை. ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: கண்காணிப்பு நோயைச் சீக்கிரம் பிடிக்கும், வராமல் தடுக்காது. இரண்டாவது, ஹார்மோனைத் தடுக்கும் டமாக்சிஃபென் போன்ற மாத்திரை. பிஆர்சிஏ2க்கு அதன் பலன் ஓரளவு தெளிவு, பிஆர்சிஏ1க்கு அவ்வளவு இல்லை.

மூன்றாவது ஆபரேஷன். மார்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் சினைப்பையைப் பற்றிப் பேசியாக வேண்டும். வீட்டில் எல்லோரும் மார்பைப் பற்றியே பேசினார்கள், அழுதார்கள். வயிற்றை யாரும் நினைக்கவில்லை. மார்புக்காவது எம்.ஆர்.ஐ. இருக்கிறது. சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்க நம்பகமான பரிசோதனை எதுவும் இல்லை. மாமாவின் அம்மாவுக்கு நடந்த மாதிரி வயிறு வீங்கிய பிறகுதான் தெரிய வருகிறது. அதனால் பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்குக் குழந்தைகள் போதும் என்றான பிறகு 35 முதல் 40 வயதுக்குள்ளும், பிஆர்சிஏ2க்கு 40 முதல் 45க்குள்ளும் சினைப்பைகளோடு கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் பல, கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகின்றன. இந்த ஆபரேஷன் ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்குத் தெளிவான சான்று உண்டு. விலையும் உண்டு: மறுநாளே மாதவிலக்கு நின்றுபோகும், உடம்பு தகதகவென்று சூடாகும், எலும்பு தேயும். அதைச் சமாளிக்க ஹார்மோன் மருந்து பற்றிக் கேட்க வேண்டும்.

மார்பை எடுப்பது என்றால்

2013இல் ஏஞ்சலினா ஜோலி தனக்கு பிஆர்சிஏ1 பிழை இருப்பதையும் இரண்டு மார்பையும் முன்கூட்டியே எடுத்துவிட்டதையும் பத்திரிகையில் எழுதினார். அவருடைய அம்மா 56 வயதில் இறந்தவர். அதற்குப் பிறகுதான் நம் ஊரிலும் இந்தப் பேச்சு வெளியே வந்தது. தைரியமான பெண். ஆனால் அவர் எடுத்த முடிவு எல்லோருக்குமான பத்திய முறை இல்லை.

தடுப்பு மாஸ்டெக்டமி என்பது நோய் வராத மார்பின் பால் சுரக்கும் திசுவை முழுதாக எடுப்பது. நோய் வரும் வாய்ப்பு 90 சதவீதமோ அதற்கு மேலோ குறையும். ஒரேயடியாகப் பூஜ்யம் ஆகாது. தோலுக்கடியிலும் அக்குள் பக்கமும் கொஞ்சம் திசு எப்படியும் ஒட்டிக்கொண்டிருக்கும். நோய் இல்லாததால், தோலையும் பெரும்பாலும் காம்பையும்கூட விட்டுவைத்து உள்திசுவை மட்டும் எடுக்க முடிகிறது. பார்வைக்கு அது பழைய மாதிரி இருந்தாலும் தொடு உணர்ச்சி பெரும்பாலும் போய்விடும். இதை யாரும் இவளிடம் முதலில் சொல்லவில்லை. நாங்களாகக் கேட்ட பிறகுதான் பிளாஸ்டிக் சர்ஜன் சொன்னார்: "மரத்துப்போன தோல் மாதிரி இருக்கும்மா. சுடுதண்ணிப் பை வைக்கிறப்பகூடக் கவனமா இருக்கணும்." பாலூட்ட முடியாது என்பதும் சேர்த்து யோசிக்க வேண்டியது. ஆபரேஷன் முடிந்து சில நாட்கள், சில சமயம் இரண்டு வாரம்வரை, ரத்தமும் நீரும் வடிய பக்கவாட்டில் டிரெயின் குழாய் தொங்கும். எடுத்த திசுவை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் நோய் ஒளிந்திருந்ததா என்று பார்க்க.

இவ்வளவையும் கேட்டுவிட்டு இவள் கேட்ட கேள்வி: "எடுத்தா நான் கூடுதலா வாழ்வேனா?" நோய் வருவது வெகுவாகக் குறையும், கீமோவும் அதன் அவதியும் தப்பும். ஆனால் ஒழுங்காக எம்.ஆர்.ஐ. எடுத்து வருபவரோடு ஒப்பிட்டால் ஆயுளில் வித்தியாசம் நோய் குறைவதைப் போல அவ்வளவு பெரிதாக இல்லை. கண்காணிப்பில் இருப்பவர்களில் பலருக்கு நோய் சின்னதாக இருக்கும்போதே பிடிபடுகிறது என்பதுதான் காரணம். இந்தப் பதில் அவளைக் குழப்பியது என்று நினைத்தேன். இல்லை, அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள்.

திரும்ப அமைப்பதும், அமைக்காமல் விடுவதும்

மார்பைத் திரும்ப அமைக்க இரண்டு பெரிய வழிகள். முதலாவது சிலிக்கோன் இம்ப்ளாண்ட். மாஸ்டெக்டமியோடு சேர்த்தே வைக்கலாம். இல்லாவிட்டால் முதலில் எக்ஸ்பாண்டர் என்ற காலிப் பையை வைத்து, வாரக்கணக்கில் அதில் உப்புநீர் ஏற்றி, தோல் நீண்ட பிறகு நிஜ இம்ப்ளாண்டுக்கு மாற்றுவார்கள். ஆபரேஷன் நேரம் குறைவு, வேறு இடத்தில் தழும்பு இல்லை. ஆனால் இம்ப்ளாண்ட் ஆயுளுக்கும் வருகிற பொருள் இல்லை. சுற்றிலும் உடம்பு கட்டும் உறை இறுகிக் கல்லாகலாம், பை கிழியலாம், 34 வயதில் வைத்தால் வாழ்நாளில் மறுபடி மாற்ற வேண்டி வரலாம். சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில இம்ப்ளாண்டுகள் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் அரிதான ஒரு வகையோடு தொடர்புள்ளவை என்று தெரிந்து 2019இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. எந்த வகை வைக்கிறீர்கள் என்று கேட்டு, அந்த விவரம் எழுதிய அட்டையை வாங்கி பீரோவில் பத்திரமாக வையுங்கள்.

இரண்டாவது சொந்தத் திசு. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாயோடு எடுத்து, மார்பில் வைத்து, மைக்ராஸ்கோப்பின் கீழே மெல்லிய ரத்தக் குழாய்களை இணைத்துத் தைப்பார்கள். டீப் ஃபிளாப் என்று பெயர். தசையை எடுப்பதில்லை. தொட்டால் வெதுவெதுப்பாக, உடம்போடு சேர்ந்து இளைத்துப் பெருக்கும் நிஜ மார்பு மாதிரியே இருக்கும். ஆனால் ஆறு, எட்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் பிடிக்கும் ஆபரேஷன். இணைத்த ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் உடனே திரும்ப தியேட்டருக்குள் போக வேண்டும். மைக்ரோ சர்ஜரியில் பழகிய கைகள் இருக்கிற ஆஸ்பத்திரியில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும். ஒல்லியான பெண்களுக்கு வயிற்றில் போதிய திசு இருக்காது. இரண்டு சிசேரியன் ஆகிவிட்டதே என்று இவள் தயங்கினாள். சிசேரியன் தழும்பு பொதுவாக இதற்குத் தடையில்லை என்றார் சர்ஜன். வயிற்றில் ஒருமுறை எடுத்துவிட்டால் மறுபடி எடுக்க முடியாது. முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவரும் முறையும் இருக்கிறது, அதோடு பெரும்பாலும் ஒரு இம்ப்ளாண்டும் சேரும். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் எந்த வழியிலும் புண் ஆறவிடாமல் படுத்தும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை ஒரு வழியாகவே யாரும் எண்ணுவதில்லை. எதையும் அமைக்காமல் நெஞ்சைத் தட்டையாக, மடிப்பில்லாமல் அழகாகத் தைத்து விடுவது.

சின்ன அத்தை 11 வருடமாக அப்படித்தான் இருக்கிறார், ஒரு பக்கம். நாங்கள் போன அன்று எங்கள் முன்னால் கூச்சப்படாமல் எடுத்துக் காட்டினார். வெள்ளைப் பருத்தித் துணியில் தைத்த, உள்ளங்கை அளவுப் பை. உள்ளே கேழ்வரகு. "வெறும் பஞ்சு வச்சா லேசா இருக்கு, ஜாக்கெட் ஒரு பக்கமா ஏறிக்குது. ராகி போட்டா கனம் சரியா இருக்கு. மழைக்காலத்துல பூசணம் புடிச்சிரும், மாசம் ஒருக்கா கொட்டிட்டு வேற போட்டுக்குவேன்." கடையில் சிலிக்கோனில் செய்த வெளி மார்பு கிடைக்கும் என்றேன். "கிடைக்கட்டுமே" என்றார். அந்தப் பையை அக்கா மகள் கையில் வாங்கி, எடை பார்க்கிற மாதிரி ஏந்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பட்டறையில் கொலுசின் கனத்தைக் கையாலேயே சொல்லிவிடுகிறவள்.

ஒரு பக்கம் இல்லாவிட்டால் தோள் ஒரு பக்கம் சாயும், அதனால் அந்தக் கனம் முக்கியம். இரண்டும் எடுத்தவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. மறுபடி அமைப்பதை அன்றே முடிவு செய்தாக வேண்டும் என்பதும் இல்லை; வருடங்கள் கழித்தும் செய்துகொள்ளலாம். தோலையும் காம்பையும் விட்டுவைப்பது மட்டும் முதல் ஆபரேஷனிலேயே தீர்மானமாக வேண்டியது. ஆகவே மாஸ்டெக்டமி செய்யும் டாக்டரைப் பார்க்கும்போதே பிளாஸ்டிக் சர்ஜனையும் பார்த்துவிடுங்கள். செலவைப் பற்றி ஒரு வார்த்தை: நோய் இல்லாத உடம்புக்குச் செய்யும் ஆபரேஷன் என்பதால் காப்பீட்டுக்காரர்கள் தயங்கலாம். வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அவளுடைய வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் என்று குதித்தவர் அவர்தான். பெண்டாட்டியைத் தொலைத்துவிடுவோமோ என்ற பயம். மூன்றாவது முறை டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ரயிலில் அவரே சொன்னார்: "உடம்பு அவளோடது. தேதியும் அவளே சொல்லட்டும் சித்தி." அஞ்சாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் இப்போதே பார்த்துவிடலாமா என்று கேட்டார். கூடாது. சின்ன வயதில் தெரிந்து செய்யப்போவது ஒன்றுமில்லை. 18 வயதுக்கு மேல், வேண்டுமா என்று அவளே முடிவு செய்யட்டும்.

இப்போதைக்கு இவள் எடுத்திருக்கும் முடிவு: இந்த வருட எம்.ஆர்.ஐ. முடிந்தது, சுத்தம். 38 வயதுக்குள் சினைப்பையும் கருக்குழாயும் எடுத்துவிடுவது. மார்பைப் பற்றி அடுத்த ஆடிக்குப் பிறகு பேசலாம் என்றிருக்கிறாள். பேச்சு எடுக்கும்போதெல்லாம் தட்டையாகவே விட்டுவிடலாம் என்ற பக்கம் சாய்கிறாள், மறுநாள் இல்லை என்கிறாள். சின்ன அத்தையும் சினைப்பை ஆபரேஷனுக்குச் சம்மதித்திருக்கிறார், காப்பிப் பறிப்பு முடிந்த பிறகு.

காலண்டர் தாள் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. இவளுடைய வட்டத்துக்குள் நடுவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். நோய் இல்லை, பிழை மட்டும் உண்டு என்பதற்கு நானே வைத்துக்கொண்ட குறி அது. பக்கத்தில் இவள் தங்கச்சியின் வட்டம். ஏழு மாதம் வேண்டாம் வேண்டாம் என்றிருந்தவள் போன செவ்வாய்க்கிழமை தானாகவே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். "பென்சில்லயே வை பெரியம்மா" என்று கிண்டல் வேறு. சின்ன வயதிலிருந்து அவளுக்கு நான் பெரியம்மாதான், ஏனென்று யாருக்கும் தெரியாது. ரிப்போர்ட் வர இன்னும் மூன்று வாரம் ஆகும்.